ஷபாலின் அடிக்காத குளிர்காலம்

தெமீத் ஷபாலின் என்னை முதன்முதலாக அடித்தது ஒரு ஸ்பானருக்காக. தங்கம் கழுவும் எங்கள் சங்கத்தில் நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த முதல் வாரம் அது. கையுறையைக் கழற்றிவிட்டு, வெளியே கிடந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தேன். முழங்கையில் ஒரு குத்து விழுந்தது. பனியில் உருண்டு எழுந்தபோது அவர் என் மேல் நிழல் விழும்படி நின்றிருந்தார்.

"தோலு வேணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குளிரில் வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் விரல் வரும், தோல் வராது. சாயங்காலம் உணவுக்கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அவர் அடித்த எல்லா அடிக்கும் இப்படி நியாயம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். கொட்டகைக்குள் சீட்டி அடித்தான் என்பதற்காக ஒருவனை அறைந்திருக்கிறார். சூப்பில் உப்பில்லை என்று சொன்னவனை, சூப்பு வைத்தது தன் மனைவி தைசியா என்பதால், பெஞ்சோடு கவிழ்த்திருக்கிறார். சைபீரியாவில் கொலிமா ஆற்றின் மேல்பகுதியில், இப்போது ஆளில்லாமல் கிடக்கும் ஒரு குடியிருப்பில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டினார், பெல்ட்டால் பேசினார். "அடி வாங்காம நான் கத்துக்கிட்டது நீச்சல் ஒண்ணுதான்," என்பார் ஷபாலின், "அதான் மறந்து போச்சு." தைசியாவைச் சந்தித்ததும் ஓர் அடியில்தான். வரிசையைத் தாண்டி வந்து தட்டை நீட்டியவரை அவள் கரண்டியால் நெற்றியில் போட்டாள். அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே பேசுவது அவர் பழக்கம். ஐம்பது வயதில், தலைமை மெக்கானிக்காக, நாற்பது ஆண்களை அந்தக் கைகளால்தான் நடத்திவந்தார்.

எங்கள் வேலையின் நாள்காட்டி அப்படி. கோடையில் தண்ணீர் ஓடும்வரை சரளையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது இயந்திரத்தை நிறுத்துகிறவன் எதிரி. குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாகும், இயந்திரம் சும்மா நிற்கும், ஆனால் இரும்பு கண்ணாடிபோல உடையும். ஆக, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட எங்களுக்கு இருப்பது மார்ச் கடைசிக்கும் மே தொடக்கத்துக்கும் நடுவில் ஒரு சந்து. குளிர் உடைந்திருக்க வேண்டும், ஆற்றின் பனிக்கட்டி உடைந்திருக்கக் கூடாது. வருடத்தின் சண்டையெல்லாம் அந்தச் சந்துக்குள்தான் நடக்கும். விரல் போவது, பல் போவது, நட்பு போவது எல்லாம் அப்போதுதான்.

அப்படியொரு ஏப்ரலில்தான் ஷபாலின் கிரேன் ஓட்டும் கோர்தேயின் தாடையை உடைத்தார். அவசரத்தில் கோர்தேய் ஆட்களின் தலைக்கு மேலாகச் சுமையைச் சுழற்றினான். ஷபாலின் அவனைக் கேபினிலிருந்து இழுத்துப் போட்டு ஒரே குத்து விட்டார். எங்கள் ஊரில் யாரும் இதற்கெல்லாம் போலீசுக்குப் போவதில்லை. கோர்தேய் போனான். மாவட்ட நகரத்துக் கோர்ட்டில் மூன்று வருடம் விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் உள்ளே போக வேண்டியதுதான். கிரேன் ஓட்டத் தெரிந்தவர்கள் கிடைக்காத ஊர் என்பதால், கோணல் தாடையோடு கோர்தேயும் அதே கேபினுக்குத் திரும்பி வந்தான்.

தைசியா எல்லோர் முன்னாலும் புருஷனிடம் சொன்னாள்: "இன்னொரு தடவ கை நீட்டு, நான் தனியாப் பெருநிலத்துக்குக் கிளம்பிடுவேன். ஜெயில் வாசல்ல பொட்டலம் கட்டிக்கிட்டு நிக்கற பொம்பள நான் இல்ல."

கடல் கடந்த மற்ற ரஷ்யாவை நாங்கள் பெருநிலம் என்போம். அன்றிலிருந்து ஷபாலின் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபம் வரும்போது பைக்குள் முஷ்டி புரள்வது தெரியும், சாக்கில் கட்டிய பூனையைப் போல. ஆட்களுக்குத் துளிர் விட்டது. அவர் முன்னால் சீட்டி அடித்தார்கள். சிகரெட் நெருப்பை டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் தட்டினார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விடுவார்.

போன குளிர்காலத்தில் புதிய உருளை வந்தது. சரளையைச் சுழற்றிக் கழுவும் இரும்பு உருளை, பஸ் நீளம் இருக்கும். பனிப்பாதை உறுதியாக இருந்ததால் ஜனவரியிலேயே லாரியில் வந்து இறங்கிவிட்டது. சங்கத் தலைவர் லுக்யான் உணவுக்கூடத்தில் ஆட்களைக் கூட்டினார்.

"போன வருஷம் ஆறு முந்திக்கிச்சு," என்றார். "எல்லாத்தயும் கழட்டிப் போட்டுட்டு, தண்ணி ஓடறத மூணு வாரம் வேடிக்க பாத்தோம். இந்த வருஷமும் பாக்கணுமா? இப்பவே மாட்டிருவோம்."

"கழட்டறத இப்பவே கழட்டலாம்," என்றார் ஷபாலின். "தூக்கறது மார்ச்சுல."

"நாப்பதுக்குள்ள இருக்கற நாளாப் பாத்துத் தூக்குவோம், அண்ணே. சட்டம் அதத்தான சொல்லுது?"

"ஜனவரில அப்படி ஒரு நாள நீ பாத்திருக்கியா?"

"தெர்மாமீட்டர் சொல்லட்டும்."

எங்கள் ஊரில் யாரும் பூஜ்யத்துக்குக் கீழே என்று சொல்வதில்லை. வேறு எங்கே இருக்கப்போகிறது. நாற்பதைத் தாண்டினால் அன்றைய வேலையை ரத்து என்று பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். ஆனால் ரத்தான நாள் யாருடைய சம்பளப் பங்கிலும் சேராது. அதனால் ஆட்களுக்குத் தெர்மாமீட்டர் மேல் எப்போதுமே ஒரு பகை உண்டு. அந்த வாரம் அது முற்றத்துக் கம்பத்திலிருந்து இறங்கி, சமையலறையின் வெளிச்சுவருக்கு வந்து, ஆவி போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. லுக்யானும் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

தைசியா கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். "இந்தச் சனியன என் சுவத்துல எவன்டா மாட்டினது? முட்டைக்கோஸ் சூப்பு எவ்ளோ சூடுன்னு பாத்துட்டா வேலைக்குப் போறீங்க?"

"நல்லாக் கொதிக்க விடுங்கக்கா," என்றான் நியுர்குன். "இன்னைக்கு நெறைய வேலை இருக்கு."

நியுர்குன் சங்கிலிக்காரன். சுமையில் சங்கிலி மாட்டுவதும், அது மேலே போகும்போது கயிற்றால் பிடித்து வழிகாட்டுவதும் அவன் வேலை. யாகுத்து இனத்தவன், குள்ளம், எதற்கும் சிரிப்பான். அவனுடைய முப்பதாவது வயதில் ஒரு பெண் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தாள். சீசன் சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்பது அவன் கணக்கு.

உருளையைத் தூக்கிய அன்று காலை, துப்பியது தரையைத் தொடுமுன் சொடுக்கியது; ஐம்பதைத் தாண்டினால்தான் அப்படி ஆகும். மூச்சு காதருகே சரசரத்து உதிர்ந்தது. புல்டோசர்களின் புகை மேலே போக முடியாமல் இடுப்பளவில் படுத்துக் கிடந்தது. சுவரில் தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு என்றது. ஷபாலின் ஒரு ரப்பர் ஹோஸை எடுத்து லுக்யானின் முகத்துக்கு நேரே வளைத்தார். அது பிஸ்கட்டைப் போல உடைந்தது.

"இது முப்பத்தெட்டா?"

"பழைய ஹோஸ், அண்ணே," என்றார் லுக்யான். "பொறுப்பு உங்ககிட்டதான். பாத்துக்குங்க." அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தூக்குவதற்காக உருளையின் இரு முனையிலும் வைத்திருந்த இரும்புக் காதுகளில் நியுர்குன் சங்கிலி மாட்டினான். கோர்தேய் தூக்கத் தொடங்கினான். உருளை தரையைவிட்டு ஆள் உயரம் எழுந்ததும் ஒரு சத்தம் வந்தது. இரும்பு பல்லைக் கடிப்பதுபோல, சன்னமாக. எல்லோருக்கும் கேட்டது. ஷபாலின் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கேபினுக்குள் கோர்தேய் பாட்டுப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவர் படியேறிக் கதவைத் திறந்தார். நான் கீழே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இறக்கு."

"முப்பத்தெட்டுதான், அண்ணே. உங்களுக்கு வயசாச்சு, அதான் குளிருது."

"இறக்குடா."

"இறக்கலேன்னா?" கோர்தேய் தாடையை நீட்டினான். "இந்தப் பக்கம் இன்னும் நேராத்தான் இருக்கு. குடுங்க, வாங்கிக்கறேன். கீழ பாருங்க, எத்தன சாட்சின்னு."

ஷபாலினின் வலக்கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது. இடக்கை மேலே போயிற்று. முற்றத்தில் இன்ஜின்களைத் தவிர எல்லாம் நின்றுவிட்டன. இழுத்துப் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எங்களில் பாதிப்பேர் உருளை இறங்கட்டும் என்று அதை விரும்பினார்கள், மீதிப்பேர் அவர் ஜெயிலுக்குப் போகட்டும் என்று விரும்பினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். உணவுக்கூட ஜன்னலில், உறைபனியை உள்ளங்கையால் துடைத்த அந்தக் கை அகலத்துக்குள் தைசியாவின் முகம் தெரிந்தது.

காலரை விட்டார். அதைச் சரிசெய்துகூட விட்டார். கீழே இறங்கிக் கைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"விலகுடா, நியுர்குன்," என்று கத்தினார்.

"ரெண்டே நிமிஷம், அண்ணே," என்றான் அவன், கயிற்றைப் பிடித்தபடி.

காது உடைந்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. உருளையின் ஒரு முனை தரையில் மோத, மறு முனையில் இருந்த காதும் வெடித்தது. விடுபட்ட சங்கிலி காற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் கேபின் கண்ணாடியை உள்ளே தள்ளியது. உருளை அவசரமே இல்லாமல் அரை வட்டம் உருண்டது. நியுர்குனுக்குப் பின்னால் இரும்புச் சறுக்குவண்டி நின்றிருந்தது. அவன் கயிற்றை விடவில்லை. அவனுடைய வலது கால் இரண்டு இரும்புக்கும் நடுவில் போனது. அவன் போட்ட சத்தம் மனிதக் குரலாகத் தொடங்கி வேறெதுவாகவோ முடிந்தது. பனியில் பரவிய ரத்தம் ஆவி விட்டது, உடனே கறுத்தது.

ஷபாலின் உருளைக்குத் தோள் கொடுத்தார். அது அசையவா போகிறது. புல்டோசர் வந்து நெம்பியபிறகு நியுர்குனை இழுத்தெடுத்து, தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினார். மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது. பட்டைச்சக்கர வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினோம். உயிர் தங்கியது. முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டார்கள்.

வண்டி போனபிறகு ஷபாலின் கிரேன் பக்கம் நடந்தார். முழங்கை வரை சிவப்பு. உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் கோர்தேய் நெம்புகோலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கீறல். எல்லோரும் காத்திருந்தோம். ஷபாலின் அண்ணாந்து பார்த்தார்.

"இன்ஜின அணைக்காத," என்றார். "அப்புறம் ஏப்ரல் வரைக்கும் எழும்பாது."

அவ்வளவுதான்.

விசாரணை அதிகாரி வருவதற்கு முன் லுக்யான் மறுபடியும் ஆட்களைக் கூட்டினார். "முப்பத்தெட்டு. நீங்க எல்லாரும் கண்ணால பாத்தது. பொய் சொல்லச் சொல்லல. இரும்பு மட்டமான சரக்கு, நியுர்குன் நிக்கக் கூடாத எடத்துல நின்னான்."

"அப்ப அவன் கால் போனது அவன் தப்பு," என்றார் ஷபாலின்.

"யார் தப்புன்னாலும் கால் மொளைக்கப் போறதில்ல, அண்ணே. அவன் தப்புன்னா கதை முடிஞ்சுது. நம்ம தப்புன்னா பொறுப்புல இருந்தது நீங்க. பழைய தீர்ப்பு வேற தொங்குது. நேரா உள்ளதான். கழுவற எடத்துக்கும் சீல் வச்சாலும் வைப்பான்."

"அவன் தப்புன்னா பென்ஷன் கெடையாது. ஒத்தக்கால வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?"

"அத சங்கம் பாத்துக்கும்."

"அன்னைக்கு அம்பத்திரண்டு," என்றார் ஷபாலின். எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆவிக்குளியல் கொட்டகையில் நான்கு பேர் அவரைச் சூழ்ந்தார்கள். நான் உடை மாற்றும் அறையில் இருந்தேன். கதவுக்குக் குறுக்கே கோர்தேய் தாடையைத் தடவிக்கொண்டு நின்றான். உள்ளே முதலில் பேச்சுத்தான் கேட்டது.

"முப்பத்தெட்டுன்னு சொல்லிடுங்க, அண்ணே. எங்க சீசனக் கெடுக்காதீங்க."

"அம்பத்திரண்டு."

குளிக்கும்போது உடம்பைத் தட்டிக்கொள்ளும் பூர்ச்ச மர மிலாறு சுளீரென்றது. மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பிறகு இரும்பு வாளி. பிறகு வெறுங்கால்களின் சத்தம், மரத்தரையில் மாவு பிசைவதுபோல. ஒவ்வொருவனுக்கும் அவரிடம் வாங்கிய பழைய அடி ஒன்று பாக்கி இருந்தது. சீசனுக்காகத் தொடங்கியதை அதற்காகத் தொடர்ந்தார்கள். அவருடைய முனகல் கேட்டதே தவிர, திருப்பி அடித்த சத்தம் ஒன்றுகூட வரவில்லை. ஆவி விலகியபோது கதவிடுக்கில் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து வடிந்தது மார்பு முடியில் சிக்கி நின்றது.

அடுப்பு கிளறும் கம்பியோடு தைசியா வந்தாள். கோர்தேயின் முழங்காலில் ஒன்று வைத்தாள், அவன் மடிந்தான். உள்ளே போய், அம்மணமாக நின்ற நான்கு பேரையும் எங்கே படுகிறது என்று பார்க்காமல் விளாசினாள். நால்வரும் பனிக்குள் ஓடினார்கள். அன்றைய குளிர் எத்தனை என்று யாரும் பார்க்கவில்லை.

"ஏன்யா, வாங்கிக்கிட்டே உக்காந்திருந்த?" என்று அவரை உலுக்கினாள்.

"நீதான அடிக்கக் கூடாதுன்ன."

"கொல்ல வந்தாலுமா அடிக்காதன்னேன்?"

"அத நீ சொல்லல," என்றார். சிரிக்கப் பார்த்தார். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது, முடியவில்லை.

அதிகாரி வந்தார். இளைஞர், சளி பிடித்திருந்தது. முப்பத்தொன்பது பேர் முப்பத்தெட்டு என்றார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஷபாலின் ஐம்பத்திரண்டு என்றார். உடைந்த ஹோஸைக் காட்டினார், தெர்மாமீட்டரின் பழைய ஆணி கம்பத்தில் இன்னும் இருப்பதைக் காட்டினார். "நிறுத்தியிருக்க வேண்டியது நான்தான். காலரப் பிடிச்சேன். விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

"அடிச்சா ஜெயிலுன்னு நீங்கதான சொன்னீங்க."

அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் திறந்தார்.

கழுவும் இடத்துக்குச் சீல் வைக்கவில்லை. லுக்யானின் பதவி போனது. மார்ச் கடைசியில் குளிர் உடைந்தது. கூரை ஓரத்தில் முதல் சொட்டு விழுந்த வாரம் உருளைக்குப் புதிய காதுகள் வைத்து வெல்டிங் செய்து தூக்கினோம். கோர்தேய்தான் கிரேனில். ஷபாலின் விலாவில் துணி சுற்றிக்கொண்டு கீழே நின்றார். ஒரு விரலை உயர்த்தினால் ஏறியது, மடக்கினால் நின்றது. உருளை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. யாரும் கைதட்டவில்லை.

ஏப்ரல் நடுவில் கோர்ட். நிறுத்தி வைத்த மூன்று வருடத்தோடு இதற்கும் சேர்த்து எவ்வளவு வரும் என்று வக்கீல் முன்பே சொல்லிவிட்டார். நகரத்திலிருந்து ஒரு மோட்டார் எடுத்து வர வேண்டியிருந்ததால் அதே லாரியில் நானும் போனேன். ஏப்ரல் பனிக்கட்டி மேல் போகும் லாரிக்குக் கதவுகளைக் கழற்றிவிடுவோம், மூழ்கினால் குதிக்க. காற்று இரண்டு பக்கமும் அறைந்தது. தைசியா பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது, "இது கடைசி," என்றாள். அடுத்ததை எப்போது அனுப்பலாம் என்று டிரைவரிடம் கேட்டதையும் கேட்டேன்.

கோர்ட்டுக்கு முன் ஷபாலின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். பச்சையாகவே சீவித் தின்னும் உறைமீன் ஒன்றைப் பொட்டலத்திலிருந்து கையில் எடுத்துக்கொண்டார்.

நியுர்குன் கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தான். முகம் வற்றியிருந்தது. எங்களைப் பார்த்ததும் போர்வையைத் தட்டினான்.

"எங்க ஊரு விளையாட்டுல ஒத்தக்கால்லயே தாவணும், அண்ணே. மத்தவனுக்கு ஒரு காலத் தூக்கி வச்சுக்கறதுதான் கஷ்டம். இனிமே எனக்குப் போட்டியே கெடையாது."

ஷபாலின் சிரிக்கவில்லை. மீனைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றான் நியுர்குன். "பென்ஷன் வருதாம். கிட்ட வாங்க."

அவர் குனிந்தார். நியுர்குன் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைப் பின்னால் கொண்டுபோய், உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தான். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். மீன் தரையில் விழுந்து சறுக்கியது.

"இத அன்னைக்கு நீங்க கோர்தேய்க்குக் குடுத்திருக்கணும்," என்றான். அவனுக்கு மூச்சு இரைத்தது. "என்னை எத்தன தடவ அடிச்சிருக்கீங்க. பூட்ஸு லேஸு கட்டலன்னுகூட அடிச்சீங்க. அன்னைக்குன்னு பாத்து மரியாத வந்துருச்சா உங்களுக்கு?"

"ஆமா," என்றார் ஷபாலின். "வந்துருச்சு."

நியுர்குன் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கைப் போர்வையில் துடைத்துக்கொண்டு, கால் இல்லாத பக்கமாக நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருங்க. கத்தி இருக்கா?"

நர்ஸ் பார்க்காத நேரத்தில் மீனை மெல்லிய சுருளாகச் சீவினார்கள். உப்பு நியுர்குனின் தலையணைக்கு அடியில் இருந்தது. கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர் இரண்டு முறை வந்து சொன்னான். ஷபாலின் தலையாட்டிவிட்டு இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டார். அவர் கன்னத்தில் ஐந்து விரலும் இருந்தன.